ஆடிக்கிருத்திகை வாரத்துத் தண்ணீர்

பானுப்ரியா அந்த வேலையில் சேர்ந்தபோது, தன் ஊருக்கே முதலில் அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை.

மூன்று மாத வேலைதான். சென்னையிலிருந்து வந்த ஒரு கம்பெனி, திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடித்திருந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், குடிநீரைப் பற்றி ஜனங்களுக்கு என்னென்ன தெரிந்திருக்கிறது என்று கேட்டு, கையில் கொடுத்த டேப்லெட்டில் பதிய வேண்டும். டிகிரி முடித்து ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தவளுக்கு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதே பெரிய விஷயமாக இருந்தது.

மேற்பார்வையாளர் முரளிதரன் பயிற்சியின்போது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "தண்ணி வருதா வரலையான்னு நாம கேக்கல. தண்ணியைப் பத்தின சேதி அவங்களுக்கு வருதா, யார் சொல்றாங்க, சொன்னதை நம்பறாங்களா, அதான் கேள்வி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

ஊர்களைப் பிரித்துக் கொடுத்தபோது அவளுக்கு வந்தது வேப்பங்கண்டிகை.

"சார், அது எங்க ஊரு. எனக்கு வேற ஊரு குடுங்களேன்."

"உள்ளூர்ப் பொண்ணுன்னாதான்மா கதவைத் தொறப்பாங்க. ஏன், இன்னா பிரச்சனை?"

பிரச்சனையை அவரிடம் சொல்ல முடியாது. "ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

வேப்பங்கண்டிகை பள்ளிப்பட்டுச் சாலையில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே விசைத்தறிச் சத்தம் கேட்கும். ஊர்க்கோடியில் தண்ணீர் டேங்க். அதற்கு ஆபரேட்டர் அவளுடைய அப்பா ராஜகோபால்தான். காலையும் சாயந்திரமும் வால்வைத் திறந்துவிடுவது, டேங்கில் பிளீச்சிங் பவுடர் கலப்பது, குறித்த நாளில் டேங்கைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. பத்துப் பன்னிரண்டு வருடமாகச் செய்கிறார். ஊரில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆபரேட்டர் என்பார்கள், அல்லது ஆபரேட்டர் அண்ணன்.

முதலில் அவள் போனது தணிகாசலம் வீட்டுக்கு. அவர் தறியை நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊர்ப் பெண் உத்தியோகமாக வந்திருக்கிறாள் என்பதில் அவருக்கு ஒரே சந்தோஷம். அவள் கேள்விகளைப் படித்துக்கொண்டே போனாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டேங்க் எப்போது கழுவப்படுகிறது, தண்ணீரைப் பரிசோதித்த முடிவை எங்காவது எழுதிப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா. பிறகு அவள் பயந்த கேள்வி வந்தது.

"கடந்த ஆறு மாதத்தில் உங்கள் குடிநீரில் ஏதேனும் குறைபாடு ஏற்பட்டு, அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதா?"

"இன்னா பானு, நியூஸ் படிக்கிற மாதிரி படிக்கிற? நம்ம தமிழ்ல சொல்லு."

"தண்ணியில ஏதாவது கெடுதல் இருந்து, யாராவது வந்து உங்களாண்ட சொன்னாங்களா மாமா?"

"சொன்னாங்களே! ஆடிக்கிருத்திகை அப்போ தண்ணி ஒரு மாதிரி நாத்தம் அடிச்சிது இல்ல? உங்க நைனாதான் வீடு வீடா வந்து, 'பிளீச்சிங் பவுடர் ஜாஸ்தியாப் போட்டுட்டேன், ரெண்டு நாள்ல சரியாப் போயிடும், பயப்படாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. எந்த ஊர்ல ஆபரேட்டர் வந்து சொல்லிகினு கீறான்? அதை எழுதிக்க."

தகவல் சொன்னவர் யார் என்ற இடத்தில் ஆபரேட்டர் என்று தொட்டாள். சொன்ன தகவலில் உங்களுக்குத் திருப்தியா என்பது அடுத்த கேள்வி.

"முழு திருப்தி" என்றார் தணிகாசலம்.

அதையும் தொட்டாள். முகத்தை நிமிர்த்தி அவரைப் பார்க்க முடியவில்லை. அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அந்த நாற்றம் பிளீச்சிங் பவுடரால் வந்ததில்லை. ஊரில் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். அப்பா, அம்மா, அவள்.

ஆடிக்கிருத்திகைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ராஜகோபால் பவுடர் கலக்க டேங்க் மேல் ஏறியிருந்தார். மேலே இருக்கும்போது போன் வந்தது. பள்ளிப்பட்டிலிருந்து அவர் தங்கை குடும்பம் காவடியோடு வந்து இறங்கிவிட்டார்கள், பெட்டி படுக்கை இருக்கிறது, வண்டி எடுத்துக்கொண்டு வா என்று. அவசரமாக இறங்கி வந்தவர் டேங்க் மூடியைத் திரும்பப் போடவில்லை. பிறகு வீடு நிறைய விருந்தாளிகள், மலைக்குப் போவதும் வருவதுமாக நாள் ஓடியது. கிருத்திகை முடிந்த மறுநாள் ஊரில் ஒவ்வொருவராகத் தண்ணீர் நாறுகிறது என்று சொன்ன பிறகுதான் மேலே ஏறிப் பார்த்தார். உள்ளே ஒரு குரங்கு செத்து மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க இறங்கி, மேலே வர வழியில்லாமல் செத்திருக்கிறது.

யாரும் பார்க்காத நேரம் பார்த்துக் கோணிப்பையில் கட்டிக் கீழே இறக்கினார். டேங்குக்குப் பின்னால் இருந்த முள்காட்டில் குழி தோண்டிப் புதைத்தார். குரங்கு என்பதால் மனசு கேட்காமல், மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரமும் ஏற்றினார். டேங்கைக் காலி செய்து கழுவினார். பிறகு வீடு வீடாகப் போய் அந்தப் பொய்யைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் குளித்தார். சாப்பிடவில்லை. அன்று சாயந்திரம் டிவிஎஸ் வண்டியில் கேன் தண்ணீர் வந்தது. "கொஞ்ச நாளைக்குப் பைப்புத் தண்ணி வாய்ல வைக்காதீங்க. பைப்புல தங்குனது இன்னும் வந்துகினு இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அம்மா சந்திராதான் பானுவை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்போ மத்தவங்க காச்சிக் குடிக்கணுமேம்மா. சொல்ல வேணாமா?"

"வாயை மூடு. வெளிய தெரிஞ்சா உங்க நைனா வேலை போயிடும். கழுவி வுட்டாச்சி இல்ல, சரியாப் போயிடும்."

மறுநாள் காலை பானு கடைக்குப் போகும்போது தெருக்குழாயில் கோமளா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள். இடுப்பில் அவள் பெண் தர்ஷினி. குழந்தை பானுவைப் பார்த்துக் கையை ஆட்டியது. பானுவும் ஆட்டினாள். தண்ணீரைப் பற்றிச் சொல்லாமலே கடைக்கு நடந்து போய்விட்டாள்.

கணக்கெடுப்பின் முதல் நாள் முழுக்க எல்லா வீட்டிலும் தணிகாசலம் சொன்னதையே சொன்னார்கள். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், ராஜகோபால் மாதிரி ஆள் கிடைக்க ஊர் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் அவள் தலையைத் தொட்டு, "நல்ல மனுசன் பொண்ணு" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் அவள் "ஆம்" என்பதைத் தொட்டாள், "முழு திருப்தி" என்பதைத் தொட்டாள். அவர்கள் தன்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ராஜகோபால் சாதாரணமாகக் கேட்டார். "இன்னாதான் கேக்கறாங்க பாப்பா அதுல?"

அவள் சொன்னாள். கெடுதல் வந்தபோது யாராவது தெரிவித்தார்களா என்ற கேள்வியையும் சொன்னாள்.

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"நீங்க வீடு வீடா வந்து சொன்னீங்கன்னு சொன்னாங்க நைனா. முழு திருப்தின்னு சொன்னாங்க."

அவர் எழுந்து பின்பக்கம் போய்க் கையைக் கழுவினார். தட்டில் பாதிச் சோறு இருந்தது. சந்திரா பெண்ணை முறைத்தாள்.

"உனக்கு வேற வேலையே கெடைக்கலையா?"

மறுநாள் அவள் கோமளாவின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. முதல் நாளே போயிருக்கலாம். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

கோமளாவின் மாமியார் தேசம்மா கூடத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தர்ஷினி விளையாடிக்கொண்டிருந்தது. குழந்தையின் கன்னம் வற்றிப் போயிருந்தது. கேள்விகளுக்கெல்லாம் தேசம்மாதான் பதில் சொன்னாள். கோமளா அடுப்பங்கரை வாசலில் சாய்ந்து நின்றாள்.

"உங்க நைனா வந்து சொன்னாரே. அதுல ஒண்ணும் கொறை இல்ல. இந்த வூட்ல கொறை வேற எடத்துல கீது" என்று தேசம்மா மருமகள் பக்கம் தலையைத் திருப்பினாள். "கிருத்திகை முடிஞ்ச கையோட இந்தக் கொழந்தைக்கு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில போட்டுட்டு நாங்க பட்ட பாடு அந்த முருகனுக்குத்தான் தெரியும். கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சி. டாக்டர் கேக்கறாரு, வெளிய ஏதாவது வாங்கிக் குடுத்தீங்களான்னு. அப்பதான் மகாராணி வாயத் தொறக்கறா. மலையடிவாரத்துல பானிபூரி வாங்கிக் குடுத்தாளாம்."

"ஒரு பிளேட்டு அத்தே. கேட்டு அழுதுச்சி" என்றாள் கோமளா. பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

"ஒரு பிளேட்டு! புள்ள போயிருந்தா? அன்னிலேர்ந்து என் கையாலதான் அதுக்குச் சோறு. இவ குடுக்கக் கூடாதுன்னுட்டேன். எம் புள்ளையும் இவளாண்ட சரியாப் பேசறதில்ல."

பானு டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திரையில் கேள்வி அப்படியே நின்றது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி எங்காவது ஒளித்துவைக்க வேண்டும் போல இருந்தது. மிச்சக் கேள்விகளை வேகமாகக் கேட்டு முடித்துவிட்டு எழுந்தாள்.

கோமளா வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். மெதுவாக, மாமியாருக்குக் கேட்காதபடி கேட்டாள். "பானு, நீ படிச்சவ இல்ல? மெய்யாலுமே பானிபூரியால அப்படி ஆவுமா? நானும் ரெண்டு தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆவல. அப்பால யோசிச்சா, கொழந்தை வயிறு ஆச்சே, நான்தான் கெடுத்துட்டேன்னு தோணுது. தூக்கமே வரமாட்டுது."

"தெரியலக்கா" என்றாள் பானு.

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். அன்றைக்குப் பாக்கி இருந்த வீடுகளுக்குப் போகவில்லை. டேங்குக்குக் கீழே, மோட்டார் ரூம் பக்கத்தில் ராஜகோபால் வால்வைத் திறந்துகொண்டிருந்தார். அவரிடம் போய் நின்றாள்.

"நைனா, தேசம்மா அத்தை வீட்டுக்குப் போய் நீங்க சொல்லிடுங்க."

"இன்னாத்தை?"

"உங்களுக்கே தெரியும். தர்ஷினிக்கு உடம்பு கெட்டதுக்குக் கோமளாக்கா மேல பழி போட்டு வச்சிருக்காங்க. பெத்த புள்ளைக்குச் சோறு ஊட்டக்கூட வுடறதில்ல."

ராஜகோபால் வால்வின் மேல் கையை வைத்தபடி தரையைப் பார்த்தார். "கொழந்தை ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் போய்ப் பார்த்தேன் பாப்பா. பழம் வாங்கினு போனேன். அப்பவே சொல்லணும்னுதான் போனேன். தேசம்மா என்னைப் பாத்து, 'வாங்க ஆபரேட்டர், நீங்க ஒருத்தர்தான் ஊர்லேர்ந்து வந்து பாத்தது'ன்னு சொல்லிச்சி. அதுக்கு அப்பால எனக்கு வாய் வரல."

"இப்பப் போய்ச் சொல்லுங்க."

"முடியாது. மூஞ்சியை எங்க வச்சிக்கறது? நீ வீட்டுக்குப் போ."

அன்று ராத்திரி பானு படுத்துக்கொண்டு கோமளாவின் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தாள். தெரியலக்கா என்று எவ்வளவு சுலபமாக வாய் சொல்லிவிட்டது. அப்பா பயத்தில் பொய் சொன்னார். அவருக்கு வேலை போகும், ஊர் திட்டும். தனக்கு என்ன பயம்? குழாயடியில் ஒரு வார்த்தை, காய்ச்சிக் குடுங்கக்கா என்று சொல்லியிருந்தால் காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டாள் கோமளா. தானோ கேன் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அந்தக் குழந்தைக்குக் கையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

காலையில் அடையாள அட்டையை மாட்டிக்கொள்ளாமல், டேப்லெட்டை எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினாள்.

தேசம்மா குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். கோமளா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க. ரெண்டு பேரும் கேக்கணும்" என்றாள் பானு. நின்றபடியே சொன்னாள். டேங்க் மூடி திறந்து கிடந்தது, குரங்கு, கோணிப்பை, கழுவியது, பிளீச்சிங் என்று சொன்னது எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

கோமளா கையில் துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நான் இல்லையா?" என்றாள்.

"எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா. பானிபூரியாவும் இருக்கலாம். ஆனா தண்ணி கெட்டுத்தான் இருந்துச்சி. எங்களுக்குத் தெரியும். நாங்க குடிக்கல."

"நீங்க குடிக்கல" என்று கோமளா திருப்பிச் சொன்னாள்.

தேசம்மா அதை நம்பவில்லை. இட்லித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். "இன்னா பேச்சுடி பேசற? பெத்த அப்பன் மேலயே இப்படி அபாண்டம் சொல்லுவாளா ஒருத்தி? அந்த மனுசன் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து பாத்தவரு. நேத்து வந்த வேலைக்காகப் புதுசா இன்னாத்தையோ கெளப்பிவுடப் பாக்கறியா?"

"மெய்யாலுமே அத்தே."

"வா. அவராண்டயே கேட்டுடலாம். நட."

பானுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். கோமளா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. என்ன ஏது என்று நாலைந்து பேர் கூடவே நடந்தார்கள். தணிகாசலமும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

ராஜகோபால் மோட்டார் ரூமைப் பூட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் சாவியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆபரேட்டர், இந்தப் பொண்ணு இன்னாமோ சொல்லிகினு கீது" என்றாள் தேசம்மா. "டேங்க்ல கொரங்கு செத்துக் கெடந்துச்சாம். நீங்க மறைச்சிட்டீங்களாம். நான் நம்பல. நீங்க இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த எடத்துலயே இவளை ரெண்டு அறை வுடறேன்."

பானுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா இல்லை என்று சொன்னால் அதோடு முடிந்தது. ஊர் முழுக்க அவர் பக்கம் நிற்கும். தான் சொன்னதை நிரூபிக்க எதுவும் கிடையாது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கோமளாவின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் ஏன் பேசாமல் நிற்கிறார் என்று ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நெஜம்தாங்க" என்றார் ராஜகோபால்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. "இன்னா?" என்றார் தணிகாசலம்.

"பாப்பா சொல்றது நெஜம்தான். மூடி போடாம எறங்கிட்டேன். என் தப்பு. அங்க பின்னாலதான் பொதைச்சேன். சொல்ல பயமா இருந்துச்சி."

தேசம்மா பானுவின் கையை விட்டாள். பிறகு வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள். "அடப்பாவி! அந்தத் தண்ணியிலதானடா முருகனுக்கு மாவிளக்கு மாவு பெசஞ்சேன். அதைத்தானடா கொழந்தைக்கு ஊத்துனோம். காச்சிக் குடிங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு இன்னா கேடு?"

ஒருவன் முன்னால் பாய்ந்து ராஜகோபாலின் சட்டையைப் பிடித்தான். மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். ராஜகோபால் கையை உயர்த்தவில்லை, பின்னால் போகவும் இல்லை. தணிகாசலம் கீழே காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். சட்டையைப் பிடித்ததைவிட அதுதான் அப்பாவுக்கு வலித்திருக்கும் என்று பானுவுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு நடந்தவை ஒவ்வொன்றாக மெதுவாக நடந்தன. பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஆள் வந்து விசாரித்து, ராஜகோபாலை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புதிதாகப் போட்ட ஆளுக்கு எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று பிடிபடவில்லை. கீழ்த்தெருவுக்குத் தண்ணீரே ஏறவில்லை. கடைசியில் அவரையே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். அவர் தெரு வழியாகப் போகாமல் வயல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் வந்தார்.

சந்திரா பானுவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். தட்டை வைப்பாள், சோற்றைப் போடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ராஜகோபால் கோபப்படவே இல்லை. ஒருநாள் காலையில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். "நீ சொல்லலன்னா நான் கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன் பாப்பா. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"வரேன் நைனா" என்று மட்டும் சொன்னாள்.

தேசம்மா மருமகளிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒருநாள் கோமளா வாசலில் உட்கார்ந்து தர்ஷினிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்ததை பானு பார்த்தாள். குழந்தை வாயைத் திறக்காமல் அடம் பிடித்தது. கோமளா காக்காவைக் காட்டினாள். பானு நின்றாள். கோமளா நிமிர்ந்து பார்த்தாள்.

"கேன் தண்ணி வாங்கனீங்களே, பானு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் சண்டை இல்லை. அவள் மறுபடி குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பானு வீட்டுக்குப் போய்ப் பின்பக்கம் உட்கார்ந்து அழுதாள்.

முரளிதரனுக்கு அவள் போன் பண்ணினாள். வேப்பங்கண்டிகையில் பதிந்த பதில்கள் தப்பு, திரும்ப ஒருமுறை எல்லா வீட்டிலும் கேட்க வேண்டும் என்றாள். காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள்.

"ஜனங்க சொன்னதைத்தானே போட்டே?"

"ஆமாங்க சார்."

"அப்போ தப்பு இல்லம்மா. அவங்களுக்குச் சேதி வந்துச்சான்னு கேட்டோம். வந்துச்சின்னாங்க. திருப்தியான்னு கேட்டோம், திருப்தின்னாங்க. வந்த சேதி நெஜமான்னு நம்ம கேள்வியிலயே இல்ல. அனுப்புனது அனுப்புனதுதான், திருத்த முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க ஊருதான் நல்ல மார்க்குல இருக்கு. விட்டுடு."

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். அப்பாவின் சம்பளம் நின்றிருந்த நேரம், அதனால் விடவில்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வியைப் பிறர் முகத்தைப் பார்த்துக் கேட்பது தனக்கு வேண்டியதுதான் என்று ஒரு எண்ணம் இருந்தது.

கார்த்திகை மாதத்தில் அவளைப் பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. பாதிப் பேர் தெலுங்கில் பதில் சொன்னார்கள். ஒரு வீட்டில் நடுவயதுப் பெண் ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாயைப் போட்டு உட்காரச் சொன்னாள். பானு வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தாள். தண்ணீரில் கெடுதல் இருந்து யாராவது வந்து சொன்னார்களா என்று கேட்டதும் அந்தப் பெண் சிரித்தாள்.

"எங்க வந்து சொல்றாங்கம்மா? அங்க திருத்தணிகிட்ட ஏதோ ஒரு ஊர்ல டேங்க்ல கொரங்கு செத்து, ஆபரேட்டர் மறைச்சிட்டானாமே. ஊரே அந்தத் தண்ணியைக் குடிச்சிகினு இருந்துச்சாம். பஸ்ல பேசிகினாங்க. அந்த மாதிரி ஆளுங்கதான் எல்லா எடத்துலயும். நீ எந்த ஊரும்மா?"

திருத்தணி என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போதெல்லாம் யார் கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊருதாங்க" என்றாள் பானு. காது இரண்டும் சூடாவது அவளுக்கே தெரிந்தது. "அந்த ஆபரேட்டர் எங்க நைனா. எனக்கும் அப்பவே தெரியும். நானும் அப்போ யாராண்டயும் சொல்லல."

கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து போகச் சொல்வாள் என்று நினைத்து பானு டேப்லெட்டை மடியிலிருந்து எடுத்தாள்.

"ஐயோ" என்றாள் அந்தப் பெண். மறுபடி கீரையைக் கையில் எடுத்தாள். "சரி, கேளு. எங்களாண்ட யாரும் வந்து எதுவும் சொன்னதில்ல. அப்படியே போட்டுக்க."

பானு "இல்லை" என்பதைத் தொட்டு, அடுத்த கேள்வியைப் படித்தாள்.